டோலி வேண்டாத மாமன்

தம்பி, காதில் மாட்டியிருக்கிற அந்த வயரை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் இப்படித் திரும்புங்க. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். சங்கரன்கோவிலில் பஸ் கிளம்பினதிலிருந்து உங்கள் காதுக்குள் ஒருத்தர் போடுகிற கூப்பாடு என் காது வரைக்கும் வருகிறது. உனக்குள்ளே ஒரு சிங்கம் தூங்குது, அதை எழுப்பு, எழுப்பு என்கிறார். தூங்குகிற சிங்கத்தை எதுக்குய்யா எழுப்பணும்? அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே.

பரீட்சைக்குப் படிக்கிறீங்களா? சர்க்கார் வேலைப் பரீட்சை. சரி. முதல் வாரம் கருக்கலிலேயே எழுந்து படிக்கிறது, அடுத்த வாரம் புஸ்தகத்தைப் பார்த்தாலே கொட்டாவி வருகிறது. அதுக்குத்தான் இவர் பேச்சா? இதைக் கேட்டால் மனசு வருதா? கேட்கிற வரைக்கும் வருதாக்கும். ரொம்ப நல்லது.

சரியான ஆள் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கீங்க. என் பேரு கோட்டைச்சாமி. இந்த வலது முழங்காலைத் தொட்டுப் பாருங்க. சும்மா தொடுங்க, கூச்சப்படாதீங்க. உள்ளே இரும்புத் தகடு. இந்தக் காலை வைத்துக்கொண்டு, போன தை மாசம் எங்கள் சாமி மலையில் அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் ஏறினேன். யாராவது ஒரு வார்த்தை ஊக்கமாகச் சொல்லியிருப்பார்களா என்று கேளுங்க. ஒரு நாதி கிடையாது. அத்தனையும் இங்கே, நெஞ்சுக்குள்ளே இருந்து வந்தது.

கால் எப்படி உடைந்தது என்றால், அது ஆவணி மாசம். எங்கள் தெருவில் ஒரு காளை மிரண்டு ஓடி வந்தது. காளை என்றால் இந்த பஸ் ஜன்னல் உயரம் இருக்கும். எதிரே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். நான் என்ன செய்வேன்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்றேன். கொம்பு இரண்டையும் பிடித்து அதை மண்டி போட வைத்துவிட்டுத்தான் விழுந்தேன். துணி துவைக்கிற கல்லுப் பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வழுக்கி விழுந்ததாக என் வீட்டுக்காரி செண்பகவடிவு ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் அந்த நேரம் கடைக்குப் போயிருந்தாள். கண்ணால் பார்க்காதவள் பேச்சை எடுத்துக்கொள்வீர்களா, கூடவே இருந்த என் பேச்சை எடுத்துக்கொள்வீர்களா? காளையைக் கேட்கலாம் என்றால் அதை விற்றுவிட்டார்கள்.

தகடு வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். டாக்டர் இரண்டே காரியம் சொன்னார். தினமும் முழங்காலை மடக்கி மடக்கி நீட்டணும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகணும். இல்லையென்றால் கால் அப்படியே விறைத்துக்கொள்ளும், அப்புறம் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்க வேண்டியதுதான் என்றார். நான் மடக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. சோம்பேறித்தனம் என்று நினைக்காதீங்க. யோசனையில் இருந்தேன். பெரிய காரியம் எதையும் யோசிக்காமல் ஆரம்பிக்கிற ஆள் இல்லை நான்.

செண்பகவடிவு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். "இப்படியே கெடந்துட்டா நான் என்னங்க செய்வேன். நாலு எட்டு நடங்களேன்" என்றாள். நாளைக்கு என்றேன். ஓசூரில் வேலை பார்க்கிற மகன், நீங்கள் கேட்கிறீங்களே, இதே சிங்கப் பேச்சைத்தான் போனில் அனுப்பினான். குறை சொல்லக் கூடாது, படுத்துக்கொண்டு கேட்க ரொம்ப வசதியாக இருந்தது.

இப்படி இருக்கும்போது எங்கள் அக்காவும் அத்தானும் வீட்டுக்கு வந்தார்கள். அத்தான் பொன்னையா பக்கத்து ஊரில் அரிசி மில் வைத்திருக்கிறவர். ஆள் பேசினாலே மில் ஓடுகிற மாதிரி இருக்கும், நடுவில் நிற்காது.

"தம்பி, நம்ம உமாசெல்வி பிள்ளைக்குத் தை மாசம் சாமி மலையில மொட்டையெடுத்துக் காது குத்துறோம். மடி நீதான்டா" என்றாள் அக்கா.

உமாசெல்வி அக்காவுக்கு ஒரே மகள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்காரணும் என்பது உங்களுக்கும் தெரிந்த சங்கதிதான். உமாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்லை. அப்படியானால் உமாவுக்கு மடி கொடுத்த மாமன் எவனோ, அவனே அவள் பிள்ளைக்கும் மடி கொடுப்பது எங்கள் பக்கத்து முறை. அந்த ஒரு நாளைக்கு மாமன்தான் ராஜா. மாலை அவனுக்கு, முதல் இலை அவனுக்கு. பெற்ற தகப்பன் ஓரமாக நின்று விசிறிக்கொண்டிருப்பான். நான் உமாவை மடியில் வைத்திருந்தபோது, அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சிரித்தாள். காது குத்தின ஆசாரியே ஆச்சரியப்பட்டார்.

அத்தான் என் கட்டில் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். "மடி சரிதான். மடி மலைக்கு வந்து சேரணுமே. பூரா படி. வண்டி போகாது. ஏ மாப்ளே, ஒரு டோலிக்குச் சொல்லிருவமா? நாலு பேரு தோள்ல தூக்கிட்டுப் போயிருவானுக."

"நாலு பேர் தூக்குற வேளை எனக்கு இன்னும் வரல அத்தான்."

"அப்ப ஐயாக்குட்டிகிட்டச் சொல்லிருதேன். அவன் பட்டு வேட்டியே எடுத்தாச்சு."

இந்த ஐயாக்குட்டி என் சித்தப்பா மகன். உமாவுக்கு அவனும் மாமன் முறை. வரிசையில் எனக்கு அடுத்தபடி. நான் ஒரு தும்மல் போட்டால் போதும், அவன் வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்துவிடுவான்.

எனக்கு வந்தது பாருங்க ஒரு வேகம். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "அடிவாரத்திலேருந்து என் சொந்தக் கால்ல ஏறி வருவேன். பிள்ளை என் மடியிலதான் உக்காரும். அதை நீங்க உங்க கண்ணால பாப்பீக" என்றேன்.

"பாப்போம் மாப்ளே" என்று சொல்லிவிட்டு, அத்தான் செண்பகவடிவைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். பாவம், மில்லில் உமித்தூசி. கண்ணில் விழுந்திருக்கும்.

மறுநாளே வாக்கரைப் பிடித்தேன். கட்டிலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து வாசல். சொல்லுகிற ஆள் இல்லாமல், தள்ளுகிற ஆள் இல்லாமல் நானாகவே. அந்த வாரம் முழுக்க நடந்தேன். அடுத்த வாரம் மழை வந்தது. மழையில் இரும்புத் தகடு துருப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒரு யோசனை வந்தது. படுத்துக்கொண்டேன்.

இங்கேதான் ஒரு அதிசயம் சொல்லணும். எங்கள் அத்தானுக்கு ஏதோ ஒரு ஞானதிருஷ்டி உண்டு. நான் படுத்து அரை மணி நேரம் ஆகியிருக்காது, போன் அடிக்கும்.

"என்ன மாப்ளே, படுத்திருக்கியா?"

"யார் சொன்னா? நிக்கேன்."

"நிக்கிறவன் குரல் இப்படியா வரும்? தலகாணிக்குள்ளேருந்து வருதே. சரி சரி, தூங்கு. ஐயாக்குட்டி சட்டை தைக்கக் குடுத்துட்டானாம். பிள்ளைய வச்சுக்கிடும்போது மடியில விரிக்கிற துண்டு எந்தக் கலர்ல எடுக்கன்னு உமாகிட்டக் கேட்டுட்டுப் போறான்."

போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு எழுந்து நிற்பேன். துண்டாம் துண்டு.

ஒரு தடவை என்றால் தற்செயல் என்று சொல்லலாம். எப்போதெல்லாம் நான் அசதியாகச் சாய்கிறேனோ அப்போதெல்லாம் போன். செண்பகவடிவு கூட வீட்டில் இருக்க மாட்டாள், நான் படுத்த உடனே கொல்லைப்பக்கம் துணி காயப்போடப் போய்விடுவாள். அவளுக்குத் துணி காயப்போடுவதில் ஒரு பைத்தியம் தம்பி. மழையில்கூடப் போய்க் காயப்போடுவாள். கையில் ஒரு துண்டு, இன்னொரு கையில் செல்போன். கொடிக்கயிற்றுப் பக்கத்தில்தான் அவளுக்கு டவர் கிடைக்குமாம். நான் கண்டுகொள்வதில்லை. பெண்களுக்கு ஆயிரம் பேச்சு இருக்கும்.

கார்த்திகை மாசத்தில் ஒரு நாள் காலை. முந்தின நாள் வாசல்படி இறங்கி ஏறியதில் கால் விண்விண்ணென்று தெறித்தது. போதும், விட்டுவிடலாம், ஐயாக்குட்டியும் நம்ம ரத்தம்தானே, பட்டு வேட்டியை வீணாக்குவானேன் என்று பெரிய மனசு பண்ணிப் படுத்துவிட்டேன். செண்பகவடிவு காய்ந்த துணியையே எடுத்துக்கொண்டு காயப்போடப் போனாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். தோளில் சுருட்டின கயிறு.

"ஐயா, சாமி மலையில டோலி தூக்குறவன். ஒரு பெரியவருக்குன்னு சொன்னாங்க. ஆளைப் பாத்து எடை போட்டுட்டு வரச் சொன்னாங்க. சாதா மூங்கில் தாங்குமா, கெட்டி மூங்கில் போடணுமான்னு பாக்கணும்" என்றான்.

"எந்தப் பெரியவருக்கு?"

"கொஞ்சம் எந்திரிச்சு உக்காந்தா இடுப்பைப் பிடிச்சுப் பாத்துக்கிடுவேன்" என்று என் இடுப்புக்குக் கயிற்றைக் கொண்டுவந்தான்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவன் ஓடுகிறான், நான் துரத்துகிறேன். வாசல்படி, தெரு, பால் டிப்போ, பிள்ளையார் கோயில். அவன் ஓடின ஓட்டம் இருக்கே, டோலி தூக்குகிறவன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அவனும் நானும் பிள்ளையார் கோயில் முக்கில் போய் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறோம், அப்போது அவன் என் காலைப் பார்த்து, "ஐயா, உங்க வாக்கர் எங்க?" என்கிறான். பார்த்தால் கையில் வாக்கர் இல்லை. வீட்டிலேயே இருக்கிறது. தெருவே கூடிவிட்டது. பின்னாலேயே ஓடி வந்த செண்பகவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன், தோள் குலுங்கியது.

அதுதான் மனோபலம் என்பது. உங்கள் சிங்கக்காரர் சொல்லுவாரா இதை? அப்புறம் அத்தான் மில்லில் மூட்டை அடுக்குகிற ஒருத்தனைப் பார்த்தேன். அச்சு அசல் அந்த டோலிக்காரன். உலகத்தில் ஒரே சாடையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் பாருங்க. அவனிடமே சொன்னேன், உன்னை மாதிரியே ஒருத்தன் டோலி தூக்குறான்டே என்று. அப்படியாய்யா என்று கேட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம் கைத்தடி ஒன்றுதான். தெருமுக்கு வரைக்கும் போய் வந்தேன், கண்மாய்க் கரை வரைக்கும் போய் வந்தேன். டவுன் தண்ணீர் டேங்க் படியில்கூட ஏறி இறங்கினேன், உச்சியிலிருந்து பார்த்தால் இலங்கை தெரிந்தது.

மார்கழி பிறந்தது. போன் நின்றுபோச்சு. ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன். சும்மா பரிசோதனைக்காகப் படுத்தும் பார்த்தேன். செண்பகவடிவு காயப்போடப் போனாள், வந்தாள், போன் வரவில்லை. மறுபடியும் படுத்தேன். வரவில்லை. படுத்தவன் படுத்தபடியே கிடந்தேன். கால் வலி இல்லை, ஒன்றும் இல்லை, எழுந்திருக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. ஏன் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் பிடிபடவில்லை. பனிக்காலம், அதனால் இருக்கும்.

செண்பகவடிவுதான் கடைசியில் சொன்னாள். "மில்லு அண்ணாச்சிக்கு மஞ்சக்காமாலைங்க. ஆஸ்பத்திரியில கெடந்து இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்காக. சோறு தண்ணி எறங்கலியாம்."

கைத்தடியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கதவைத் திறந்த அக்கா, நான் தனியாக வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே கையைக் காட்டினாள். அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாதி ஆளாகப் போயிருந்தார். காமாலை இறங்கிவிட்டதாம், மனுஷன்தான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மில் பக்கம் போகவில்லை, யாரோடும் பேச்சில்லை.

"வா மாப்ளே" என்றார், திரும்பாமலே. "மலைக்கு நான் வரல. என்னால ஆகாது. நீங்கள்லாம் போய்ப் பிள்ளைக்கு நடத்திருங்க."

எனக்கு வந்த கோபம் இருக்கே. இத்தனை மாசம் நாயாக நடந்திருக்கிறேன். அந்த மனுஷன் மேலே நின்று பார்க்க, அவர் கண் எதிரே ஏறணும் என்றுதானே நடந்தேன்? அவர் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தால், நான் மலை ஏறி யாருக்குக் காட்ட? ஐயாக்குட்டிக்கா?

கட்டில் சட்டத்தைத் தட்டினேன். "அத்தான், ஒரு டோலிக்குச் சொல்லிருவமா?"

போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார்.

"இப்ப இருக்கிற எடைக்கு மூங்கில்கூட வேண்டாம். ஒரு மஞ்சப்பையில போட்டு ஐயாக்குட்டி கையில குடுத்தாக் கொண்டுவந்துருவான்."

அத்தான் மெதுவாகத் திரும்பினார். கண் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. "எவன்லே மஞ்சப்பை" என்றார். அன்றைக்குத்தான் அரை டம்ளர் கஞ்சி முழுசாக உள்ளே போனது என்று அக்கா சொன்னாள்.

அதற்கப்புறம் தினமும் போனேன். ஆறுதல் சொல்லப் போனதாகச் செண்பகவடிவு சொல்லிக்கொண்டு திரிகிறாள். சத்தியமாக இல்லை. வம்புக்குத்தான் போனேன். இத்தனை நாள் என்னைப் பேசின பேச்சுக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சமயம் எது? அவரைத் திண்ணையில்லாத அந்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் எதிரிலேயே நான் மேலும் கீழும் நடப்பேன். "எப்படி இருக்கு நடை, பாத்தீகளா" என்று கேட்பேன். நாலாம் நாள் அவரும் எழுந்துவிட்டார். என்னை அடிப்பதற்குத்தான் எழுந்தார். எட்டி நடந்தேன், பின்னாலேயே வந்தார்.

தை மாசம். மலை அடிவாரம். சொந்தக்காரர்கள் எல்லாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். நானும் அத்தானும் கடைசி. நான் காலை இழுக்கிறேன், அவருக்கு மூச்சு இழுக்கிறது.

"மாப்ளே, வேணும்னா உக்காரு. நான் நிக்கேன்."

"எனக்கென்ன அத்தான், நீங்க உக்காருங்க. நான் காத்து வாங்குதேன்."

இரண்டு பேரும் உட்காரவில்லை. உட்கார்ந்தவன் தோற்றவன் இல்லையா? வழியில் மண்டபம் வந்தது, சுனை வந்தது, மோர் விற்கிறவள் வந்தாள். எதற்கும் நிற்கவில்லை. நின்றால் இன்னொருத்தர் முந்திவிடுவார். கடைசிப் படியில் கால் வைக்கும்போது மேகமெல்லாம் எங்களுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கால் வைத்தோம். கொஞ்சம் நான் முந்தி.

பிள்ளைக்கு மொட்டை எடுத்துச் சந்தனம் பூசியாச்சு. பட்டு வேட்டியில் ஐயாக்குட்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான். காது குத்துகிற ஆசாரி பலகையைக் காட்டி, "மாமன் வந்தாச்சுல்லா. சம்மணம் போட்டு உக்காருங்க" என்றார்.

சம்மணம்.

முழங்கால் மடங்கவில்லை தம்பி. நீட்டின கால் நீட்டினபடி. மடக்கிப் பழகச் சொன்ன டாக்டர், நடக்கச் சொன்ன மாதிரி அதை அழுத்திச் சொல்லவில்லை. மலை ஏறுகிறவனுக்கு மடக்கு எதுக்கு என்று நானும் விட்டுவிட்டேன். இத்தனை மாசமும் என் கண் மலைமேலேயே இருந்தது. மடிக்காகத்தானே மலை என்பதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை.

தரையில் உட்காரப் பார்த்தேன், பின்பக்கமாகச் சாய்ந்து விழப் போனேன். தூக்கி நிறுத்தினார்கள். நாற்காலி இருக்கா என்றான் உமா புருஷன். "சன்னதியில மாமன் தரையிலதான் உக்காரணும்" என்றார் ஆசாரி. ஐயாக்குட்டி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, "அண்ணே, செரமப்படாதீக" என்று பலகைப் பக்கம் நகர்ந்தான். உமா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆனால் உட்கார்ந்தேன். பிள்ளை என் மடியில்தான் உட்கார்ந்தான். போனில் போட்டோவே இருக்கிறது, இந்தா, பாருங்க. வலது கால் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் தகடு. இடது தொடையில் பிள்ளை. வாயைத் திறந்து அழுகிறான், அது அவன் தகப்பன் வழி. எப்படி முடிந்தது என்கிறீங்களா? மனோபலம்தான். வேறென்ன.

எது? என் முதுகுக்குப் பின்னாலா? அது தூண். கோயில் என்றால் தூண் இருக்கும்.

தூணுக்குக் காது இருக்கிறதா? கொஞ்சம் பெரிசு பண்ணிப் பார்க்கிறீங்களா, போனைக் கொடுங்க இங்கே.

சரி, அது எங்கள் அத்தான். ஐயாக்குட்டியைத் தள்ளிவிட்டு வந்து, எனக்குப் பின்னால் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தார். "இப்ப உக்காருலே. விழ மாட்ட" என்றார். அதை வைத்து நீங்கள் தப்பாக எதுவும் நினைத்துவிடக் கூடாது. காமாலையில் கிடந்து எழுந்த ஆள். அவ்வளவு தூரம் ஏறி வந்த களைப்பு. சாய்ந்துகொள்ள அவருக்கு ஒரு இடம் வேண்டாமா? பாவமே என்று என் முதுகைக் கொடுத்தேன்.

ஊசி இறங்கும்போது அவர் முதுகு குலுங்கியது. சிரித்தாரோ, என்ன செய்தாரோ, எனக்கு எப்படித் தெரியும்? முகம் அந்தப் பக்கமில்லையா இருக்கிறது. என் முதுகுதான் முதலில் குலுங்கியதென்று இப்போது மில்லுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் அந்தப் பக்கம் போனால் உங்களிடமும் சொல்லுவார். ஒரு வார்த்தை நம்பாதீங்க தம்பி. அந்த மனுஷன் வாயைத் திறந்தாலே அண்டப்புளுகு.